36 விநாடிகள், ஒரு சம்பளம், ஒரு வீதி: வேகநடை வீராங்கனை ஒருத்தி எப்படி உருவாகிறாள்?

2022 ஆகஸ்ட் 6ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், பெண்களுக்கான 10,000 மீற்றர் வேகநடையில் இந்தியாவின் பிரியங்கா கோஸ்வாமி வெள்ளிப் பதக்கம் பெற்றார். எடுத்துக்கொண்ட நேரம் 43 நிமிடம் 38.83 விநாடி. தங்கம் அவுஸ்திரேலியாவின் ஜெமைமா மொன்டாக்குக்குப் போனது. பொதுநலவாய விழாவில் வேகநடைக்குப் பதக்கம் பெற்ற முதலாவது இந்தியப் பெண் பிரியங்காதான். அதே மாதம் ஜேர்மனியின் மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 20 கிலோமீற்றர் வேகநடையில் அந்நாட்டின் இளம் வீராங்கனை சஸ்கியா ஃபைகே வெண்கலம் வென்றார்.

எமது பக்கம் இந்த இரண்டு செய்திகளையும் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கல்முனையில் இருந்து சேனைக்குடியிருப்பு, கிட்டங்கி வழியாகச் சவளக்கடைக்கு வரும் வீதியில் காலையில் எத்தனையோ பெண்கள் நடக்கிறார்கள். வயலுக்கு, சந்தைக்கு, வைத்தியசாலைக்கு, பாடசாலைக்கு. நடை ஒரு விளையாட்டு என்றால் சிரிக்கிறார்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் நேரக் கணிப்பாளராகப் பல வருடம் மைதானத்தில் நின்றவன் நான். இடுப்பை ஆட்டிக்கொண்டு பிள்ளைகள் நடந்து வரும்போது வேலியோரம் எழும் சிரிப்பை ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பினால் அடுத்த வருடம் பெயர் கொடுக்காமல் விட்ட பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். இந்த விளையாட்டு என்ன, இதில் ஒரு பெண் எப்படி முன்னுக்கு வருகிறாள், எமது பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கிறதா என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

இது என்ன நடை?

முதலில் வேகத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிரியங்கா பேர்மிங்ஹாமில் நடந்த வேகம் 100 மீற்றருக்கு ஏறக்குறைய 26 விநாடி. பாடசாலை மைதானத்தில் 100 மீற்றரை அளந்து, ஓடாமல், 26 விநாடியில் நடந்து பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு தடவைகூடச் சரிவராது. அவர் அதை இடைவிடாமல் 100 தடவை செய்தார். நாம் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடக்கிறோம். அவருடைய வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்கும் மேல்.

வேகநடைக்கு இரண்டு விதிகள்தான் அடிப்படை. ஒன்று, ஏதாவது ஒரு பாதம் எப்போதும் நிலத்தில் இருக்கவேண்டும். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் அது ஓட்டம். இரண்டு, முன்னே வைக்கும் கால் நிலத்தைத் தொட்ட கணத்தில் இருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடங்காமல் நேராக இருக்கவேண்டும்.

இடுப்பு ஆடுவது இந்த இரண்டு விதிகளாலும்தான். முழங்காலை மடக்கிப் பாய முடியாது என்பதால், இடுப்பை முன்னும் பின்னும் திருப்பி அடியின் நீளத்தைக் கூட்டுகிறார்கள். இரண்டு பாதங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுகின்றன. உயர்மட்ட வீராங்கனைகள் நிமிடத்துக்கு 200 அடி அளவில் வைக்கிறார்கள். பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தெரிவது, செய்பவருக்குக் கணக்கான உழைப்பு.

கண் பார்த்துத் தீர்மானிக்கும் விளையாட்டு

ஓட்டத்தில் கடிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. வேகநடையில் கடிகாரத்துக்கு முன்னால் நடுவரின் கண் நிற்கிறது. பெரிய போட்டிகளில் பாதை நெடுக ஆறு முதல் ஒன்பது நடுவர்கள் நிற்பார்கள். கமரா உதவி கிடையாது. வெறும் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தவறு நெருங்குவதாகத் தெரிந்தால் மஞ்சள் மட்டையைக் காட்டி எச்சரிப்பார்கள். அலைபோன்ற கோடு போட்ட மட்டை என்றால் பாதம் எழும்புகிறது. மடங்கிய முழங்கால்போன்ற கோடு என்றால் கால் மடங்குகிறது. தவறு உறுதியானால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். ஒரு நடுவர் ஒருவருக்கு ஒரு சிவப்பு அட்டைதான் எழுதலாம். மூன்று வெவ்வேறு நடுவர்கள் எழுதினால் போட்டியில் இருந்து நீக்கம். அண்மைய வருடங்களில் தண்டனைப் பகுதி என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. 20 கிலோமீற்றர் போட்டியில் மூன்றாவது சிவப்பு அட்டைக்கு அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் தொடரலாம். நான்காவது வந்தால் வெளியேற வேண்டும்.

இது எவ்வளவு கொடுமையாக முடியலாம் என்பதற்கு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் சாட்சி. அவுஸ்திரேலியாவின் ஜேன் சவில் 20 கிலோமீற்றர் நடையில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். அரங்கத்துக்குள் நுழையும் தறுவாயில் சிவப்பு மட்டை காட்டப்பட்டது. உள்ளே அவருடைய நாட்டு மக்கள் காத்திருக்க, அவர் வெளியிலேயே நின்றுபோனார். நான்கு வருடம் கழித்து ஏதென்ஸில் வெண்கலம் வென்றார். அந்த நான்கு வருடத்தில் அவர் விளையாட்டை விட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெண்கள் இந்தப் பாதைக்கு வந்ததே காலம் கடந்துதான். ஆண்களுக்கு 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் தனி வேகநடைப் போட்டிகள் இருந்தன. பெண்களுக்கு 1992 பார்சிலோனாவில்தான் முதன்முதலாக 10 கிலோமீற்றர் நடை சேர்க்கப்பட்டது. 84 வருட இடைவெளி. 2000இல் அது 20 கிலோமீற்றராக மாறியது.

ஒரு கைப்பையில் தொடங்கிய பயணம்

பிரியங்கா 1996இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் பிறந்தவர். மீரட் நகரில் பயிற்சி பெற்றவர். தந்தை அரச பஸ் நடத்துநர். 2011இல் அந்த வேலை போயிற்று. சிறுமியாக இருந்தபோது ஜிம்னாஸ்டிக்ஸ் பழகி விட்டுவிட்டு மெய்வல்லுநர் பக்கம் வந்தார். போட்டியில் வெல்பவர்களுக்குக் கொடுத்த கைப்பை மீது ஆசைப்பட்டுத்தான் வேகநடைக்கு வந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பட்டியாலாவில் படித்த காலத்தில் வீட்டில் இருந்து வரும் பணம் போதாமல், சீக்கியக் கோயிலின் அன்னதானத்தில் சாப்பிட்டுச் செலவைக் குறைத்தார்.

2018இல் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் இந்திய ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அவர் வாழ்க்கையில் பதக்கங்களைவிட முக்கியமான திகதி இதுவென்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதை அடுத்த மூன்று வருடங்கள் சொல்கின்றன.

2020 பெப்ரவரியில் ராஞ்சி நகரில் தேசிய வேகநடைப் போட்டி நடந்தது. ஒலிம்பிக் தகுதிக்கு 20 கிலோமீற்றரை 1 மணி 31 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். பிரியங்கா 36 விநாடி பிந்தினார். அதே போட்டியில் இன்னொரு பெண் தேசிய சாதனையுடன் தகுதி பெற்றார். பிறகு கொரோனா வந்து எல்லாம் அடைபட்டது. ஒரு வருடம் கழித்து 2021 பெப்ரவரியில் அதே ராஞ்சியில் பிரியங்கா 1 மணி 28 நிமிடம் 45 விநாடியில் நடந்து புதிய தேசிய சாதனை வைத்தார். ஒரு வருடத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் குறைத்திருக்கிறார். கையில் மாதச் சம்பளம் இல்லாத ஒரு பஸ் நடத்துநரின் மகள், 36 விநாடியில் வாய்ப்பை இழந்த பிறகு, இன்னும் ஒரு வருடம் வீட்டாரிடம் கேட்டு நடந்திருக்க முடியுமா? கல்யாணப் பேச்சு வந்திருக்கும், அல்லது வேறு வேலை தேடியிருப்பார். அந்த ஒரு வருடத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது சம்பளம்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் நடைப் போட்டிகள் வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோ நகரில் நடத்தப்பட்டன. பிரியங்கா ஆரம்பக் கட்டத்தில் முன்னணியினருடன் நடந்து, இறுதியில் 17ஆவது இடத்தில் முடித்தார். அடுத்த வருடம் பேர்மிங்ஹாம் வெள்ளி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 41ஆவது இடம். ஏற்றமும் இறக்கமும் கலந்த இந்தக் கணக்குத்தான் ஒரு வேகநடை வீராங்கனையின் உண்மையான வாழ்க்கை. பதக்கம் வென்ற நாளின் படத்தை மட்டும் பார்த்தால் இது விளங்காது.

விடிய முன் மூன்று மணி

ராஞ்சியில் 2020இல் தகுதி பெற்ற அந்த இன்னொரு பெண் பாவ்னா ஜாட். ராஜஸ்தானின் கப்ரா என்ற கிராமத்தில் ஒரு சிறு விவசாயியின் மகள். ஆரம்பத்தில் சப்பாத்து இல்லை, வெறுங்காலுடன் நடந்தார். காற்சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வீதியில் நடப்பதை ஊர் ஏற்காது என்பதால், ஆட்கள் எழும்பும் முன்னர், விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பிப் பயிற்சி செய்வார். பின்னர் அவருக்கும் ரயில்வேயில் வேலை கிடைத்தது. ராஞ்சியில் அவர் எடுத்த நேரம் 1 மணி 29 நிமிடம் 54 விநாடி.

அவருடைய கதை இனிமையாக முடியவில்லை. உயர்மட்ட வீரர்கள் தாம் எந்த நாளில் எங்கே இருப்போம் என்பதை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று தடவை அதில் தவறினால், ஊக்கமருந்து எடுத்ததாக எந்தப் பரிசோதனையும் சொல்லாவிட்டாலும் தடை வரும். 2023இல் உலகப் போட்டிக்காக புடாபெஸ்ட் போயிருந்த பாவ்னா இந்த விதியால் இடைநிறுத்தப்பட்டு, பிறகு தடைக்கு உள்ளானார். காலில் வலு இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருந்து படிவங்களையும் விதிகளையும் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இவர்கள் இருவருக்கும் முன்னால் நடந்தவர் பஞ்சாபின் குஷ்பீர் கவுர். அமிர்தசரஸ் அருகே ஒரு கிராமம். சிறுவயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். தாய் பால் விற்றும் துணி தைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டில் இருந்து வந்த குஷ்பீர், 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 20 கிலோமீற்றர் நடையில் வெள்ளி வென்றார். ஆசிய விழாவில் வேகநடைப் பதக்கம் பெற்ற முதலாவது இந்தியப் பெண் அவர். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் என்று அறிக்கைகளில் எழுதப்படும் வீடுகள் எமது பிரதேசத்தில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியான ஒரு வீட்டில் இருந்து ஆசியப் பதக்கம் வந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எமது வீதி

எமது மக்களுக்கு நடை என்றால் நல்ல ஞாபகங்கள் குறைவு. 1990இல் இந்தக் கரையோரத்திலும் உட்கிராமங்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்திருக்கிறோம். சோதனைச் சாவடிக்கு முன்னால் இறங்கி மெதுவாக நடந்திருக்கிறோம். காணாமல்போனவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் வீதியில் நடக்கும் தாய்மார் இருக்கிறார்கள். ஒரு பெண் தன் விருப்பத்துக்காக, தன் உடம்பின் வலுவுக்காக மட்டும் நடப்பது எமக்குப் பழக்கமில்லாத காட்சி.

அந்தக் காட்சி வடக்கில் ஒரு தடவை தெரிந்தது. 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயதான அகிலத்திருநாயகி 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். முல்லைத்தீவின் மண்ணில் இருந்து, அந்த வயதில். அவருடைய படத்தைப் பகிர்ந்து நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். 72 வயதில் இப்படி நடப்பவர் 20 வயதில் நடந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று நினைத்துப் பார்த்தோமா?

வேகநடைக்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. உலகப் போட்டிகளே 1 அல்லது 2 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில், சாதாரணத் தார் வீதியில்தான் நடக்கின்றன. சவளக்கடை, அன்னமலை, நாவிதன்வெளி வீதிகள் மேடு பள்ளம் குறைந்த தட்டையான வீதிகள். மாரியில் கிட்டங்கியில் தண்ணீர் ஏறும் சில கிழமைகளை விட்டால் மற்ற மாதங்களில் தடையில்லை. ஒரு நல்ல சப்பாத்து, ஒரு நிறுத்தற் கடிகாரம், விதி தெரிந்த ஒரு பெரியவர், காலை ஐந்தரை மணிக்கு ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு மோட்டார் சைக்கிள் தொல்லை இல்லாத ஒரு மணித்தியாலம். தொடங்குவதற்கு இவ்வளவும் போதும்.

உடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தமிழ், முஸ்லிம் வீடுகள் இரண்டிலும் முதலில் வரும் கேள்வி அதுதான். நடுவருக்குத் தேவையானது முழங்கால் மடங்குகிறதா என்று தெரிவது. காலோடு ஒட்டிய நீளக் காற்சட்டையிலும் அது நன்றாகத் தெரியும். தலையை மூடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஈரானியப் பெண்கள் தலையை மூடியபடியேதான் சர்வதேச மெய்வல்லுநர் போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள். ஆகவே உடுப்பு ஒரு தடையாக இருக்கத் தேவையில்லை. வேலியோரச் சிரிப்பும் தேநீர்க்கடை வாசலில் இருந்து வரும் பேச்சும்தான் உண்மையான தடை. பாவ்னா மூன்று மணிக்கு எழும்பியது அந்தப் பேச்சுக்காக. எமது பிள்ளைகளை அப்படி இருட்டில் நடக்கவிடுவது எந்த ஊருக்கும் பெருமையில்லை.

சம்பளம் எங்கிருந்து வரும்?

கடைசியாக, கடினமான விஷயம். ஜேர்மனியில் பல உயர்மட்ட வீரர்களுக்கு இராணுவத்தின் அல்லது கூட்டாட்சிப் பொலிஸின் விளையாட்டுப் பிரிவு சம்பளம் கொடுக்கிறது. இந்தியாவில் ரயில்வேயும் படைகளும் பொலிஸும் கொடுக்கின்றன. இலங்கையில் தேசிய மட்டத்தில் நிலைத்து நிற்கும் மெய்வல்லுநர்களில் பெரும் பகுதியினர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் கழகங்களைச் சேர்ந்தவர்கள். பாடசாலையை விட்டு விலகும் 19 வயதில் ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து பயிற்சியும் சாப்பாடும் சம்பளமும் வேண்டுமென்றால் கண்முன்னால் தெரியும் கதவு பெரும்பாலும் அதுதான்.

எமது பல வீடுகளில் அந்தச் சீருடையைப் பார்த்தாலே தாயின் முகம் மாறும். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கதவால் போக விரும்பும் பிள்ளை போகட்டும், அது அவளுடைய உரிமை. போக முடியாத பிள்ளையின் விளையாட்டு 19 வயதில் முடிந்துபோகக்கூடாது என்பதுதான் என் கவலை. மாகாண மட்டத்தில் முதலாம் இரண்டாம் இடம் பெற்று, பிறகு ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ போன பெண்பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் தோற்றுப்போனது மைதானத்தில் நடந்த விஷயமல்ல. பிரியங்காவுக்குக் கிடைத்த அந்த மேலதிக ஒரு வருடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பிரியங்காவுக்கு அதைக் கொடுத்தது ஒரு குமாஸ்தா மேசை. இங்கே ஒரு பிரதேச சபை, ஒரு வங்கி, ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு தனியார் நிறுவனம் அதைக் கொடுக்கலாம். காலையில் இரண்டு மணித்தியாலம் பயிற்சிக்கு விட்டு, ஒன்பது மணிக்கு வேலைக்கு எடுக்கும் ஒரு சாதாரண பதவி போதும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் வருடா வருடம் கிண்ணமும் ரீ-சேர்ட்டும் அனுப்புகின்றன, அவர்களுக்கு நன்றி. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒரே ஒரு பிள்ளைக்கு, பாடசாலையை விட்ட நாளில் இருந்து மூன்று வருடத்துக்கு மாதாமாதம் கொடுத்துப் பார்க்கலாம். படத்தில் போட ஒன்றும் இருக்காது. இரண்டாவது வருடத்தில் தோல்வியும் வரலாம். அப்போதும் நிறுத்தாமல் கொடுக்கவேண்டும். 36 விநாடியில் தவறிய வருடத்துக்கு அடுத்த வருடம்தான் பிரியங்காவின் சாதனை வந்தது.

அதுவரை நாம் ஒவ்வொருவரும் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த தை, மாசியில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும். வேகநடை நிகழ்வுக்கு ஒரு பிள்ளை இடுப்பைத் திருப்பி, முழங்காலை நேராக வைத்து, வேலியைக் கடந்து போவாள். அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவளுடைய முழங்காலைப் பாருங்கள், பாதத்தைப் பாருங்கள், உங்கள் கைக்கடிகாரத்தில் 100 மீற்றருக்கு எத்தனை விநாடி என்று கணக்கெடுங்கள். முடித்து வந்ததும் அந்த எண்ணிக்கையை அவளிடம் சொல்லுங்கள்.